கழுகு இறங்காத ஊர்

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு லேசர் பிரிண்டர், செருப்பை வெளியே கழற்றச் சொல்லி ஒரு பலகை. அந்தக் காலத்தில் சாமியறைக்கு இருந்த மரியாதை கம்ப்யூட்டருக்கும் இருந்தது. அறையில் ஏசி இருந்தது அதற்காகத்தான். எனக்கு அது சும்மா கிடைத்த உபரி. கல்யாணப் பத்திரிகை, பம்பு செட் விலைப்பட்டியல், மனை விற்பனை நோட்டீஸ் ஆகியவற்றில் வயிறு வளர்த்துக்கொண்டு, தொழில் என்ன என்று யாராவது கேட்டால் ‘கிராஃபிக்ஸ்’ என்று சொல்லிவந்தேன்.

படம் திருத்தும் மென்பொருளில் அப்போதுதான் லேயர் என்கிற வசதி வந்திருந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல. அடித்தாளில் எல்லைக்கோடு, அதன்மேல் ஆறு, அதன்மேல் ரோடு, எல்லாவற்றுக்கும் மேலே ஊர்ப்பெயர்கள். ஒன்றில் கை வைத்தால் மற்றது கெடாது. வேண்டாத தாளை மறைக்கலாம், மறுபடி வரவழைக்கலாம். பத்திரிகை அடிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு, விநாயகர் படத்தில் மூஞ்சூறை மட்டும் மறைத்துக் காட்டுவேன். “ஏனுங்க, எலியக் காணமுங்க!” என்று அவர்கள் பதறியதும் திருப்பி வரவழைப்பேன். கடவுளின் வாகனத்தோடு விளையாடுகிறவனுக்கு ஒரு நாள் கிடைக்கவேண்டியது கிடைக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கிடைத்ததும் எனக்கல்ல, இன்னொருவருக்கு.

இந்த லேயர் வித்தை கல்லூரிகளுக்கும் பரவி, ஆய்வேடு எழுதுகிறவர்கள் வரைபடத்தோடு வர ஆரம்பித்தார்கள். எந்தப் பறவை எங்கே இருக்கிறது, எந்தச் செடி எதுவரை முளைக்கிறது என்பதை நிழல் போட்டுக் காட்டுகிற வரைபடங்கள். நிழலுக்குத் தனியாக ஒரு லேயர். அதன் அடர்த்தியைக் குறைத்தால் அடியில் ஆறும் ஊரும் தெரியும். ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் பார்க்க லட்சணமாக இருக்கும். உயிரினங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த லட்சணம் மட்டும்தான்.

அப்படி ஒரு சித்திரை மாதத்தில் வந்தவர்தான் அவர். முப்பது வயதிருக்கும். ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் அறுத்துப்போட்ட தவளைகளை அள்ளி, கண்ணாடிச் சீசாக்களைக் கழுவி வைக்கிற வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, எம்.ஃபிலுக்குப் பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி எழுதியிருந்தார். வந்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“எங்க துறையில ஒரு சார் ரிட்டையர் ஆகறாருங்க. ஆனியில இண்டர்வியூ. எம்.ஃபில். கையில இருந்தா என்னையும் கூப்புடறமுன்னு சொல்லியிருக்காங்க. இல்லீன்னா சீசா கழுவறதுதானுங்க.”

“எந்த ஊருங்க நீங்க?” என்றேன். எங்கள் பக்கத்தில் இது விசாரிப்பு மாதிரித்தான் ஆரம்பிக்கும்.

“அந்தியூர்ப் பக்கமுங்க.”

“அந்தியூர்ல எங்கீங்க? எங்க மாமன் ஊடு கூட அங்கதான்.”

அவர் தன் ஊரைச் சொன்னார். மாமன் ஊருக்கு அடுத்த பஸ் ஸ்டாப்பு.

“அட, தெரியுமுங்களே. ஊருக்குள்ளயா, தோட்டத்துலயாங்க?”

“ஊருக்குக் கெழக்கீங்க,” என்றார்.

கிழக்கே காலனிதான் இருந்தது. நான் கேட்க நினைத்ததும் அவர் சொல்ல நினைத்ததும் முடிந்துவிட்டது. இருவர் வாயிலும் ஒரு தகாத சொல் வரவில்லை. இந்த மரியாதைக்குப் பேர்போனது எங்கள் சீமை. அதற்குப் பிறகும் நான் அவரை ‘நீங்க’ என்றே பேசினேன் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் வேறு இருந்தது. அந்தப் பெருமிதத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டிரேசிங் தாளில் அவர் வரைபடத்தைக் கொண்டுவந்திருந்தார். பவானி ஆறு, பர்கூர் மலையடிவாரம், இடையில் சின்னச் சின்னதாகப் பென்சில் புள்ளிகள். கடந்த பத்து வருடத்தில் செத்த மாட்டின்மேல் கழுகு இறங்கியதாகத் தெரிந்த இடங்கள் அவை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக் குறித்தாராம். புள்ளிகளைச் சேர்த்து ஒரே நிழலாகப் பென்சிலால் தீற்றியிருந்தார். அந்த நிழலுக்கு நடுவே கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“இருக்கறது இருக்கறாப்லயே வரோணுமுங்க,” என்றார்.

“அச்சுப் பெசகாதுங்க,” என்றேன்.

மூன்று நாள் வேலை. ஆறுக்கு ஒரு லேயர், ரோட்டுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வெள்ளை இடமும் திரையில் அப்படியே இருந்தது. விரலை நீட்டி, திரையைத் தொடாமல், அதன் ஓரத்தைச் சுற்றிக் காட்டி, “சரியா இருக்குதுங்க,” என்றார். எதற்கு அந்த ஓட்டை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆய்வேட்டை வேறெங்கோ டைப் செய்திருந்தார். நான் அதில் ஒரு வரி படித்ததில்லை.

அடுத்த நாள் அவர் கல்லூரியில் இருக்கிற நேரத்தில் நான் கடைசி மெருகு கொடுக்க உட்கார்ந்தேன். மெருகு என்பது எங்கள் தொழிலில் வியாதி. ஸ்கேன் செய்த படத்தில் தூசி, முடி, அழிரப்பர் தடம் எல்லாம் விழுந்திருக்கும். பக்கத்தில் உள்ள நிறத்தை எடுத்து முத்திரை குத்துவது போல் மேலே மேலே குத்தினால் அழுக்கு மறைந்துவிடும். வேலை முடிந்துவிட்டதென்று எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஒரே படமாக மாற்றினேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். அத்தனை அழகான நிழலுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பொத்தல். புது வேட்டியில் எலி கடித்தது மாதிரி. பென்சிலால் தீற்றும்போது விட்டுப்போயிருக்கும், அல்லது தாளில் ரப்பர் பட்டிருக்கும் என்று முடிவு செய்தேன். முந்தின நாள் அவர் விரலால் சுற்றிக் காட்டியது நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது என்றே நினைக்கிறேன். வந்தும், அந்த மனுஷனுக்குக் கண்ணில் படவில்லை, நாமாவது சரிசெய்து கொடுப்போம் என்று நினைத்தேன். ஏழெட்டு முத்திரை. பொத்தல் போய்விட்டது. காசு வாங்காமல் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு யானைக்கு இடம் போட்டால் பிறகு ஒரு பூனைக்குக்கூட இடம் இருக்காது. பத்திரிகைகளுக்கு இடம் வேண்டியிருந்ததால், வரைபடத்தை ஐந்து பிரதி எடுத்துப் பைண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டு, லேயர்களோடு இருந்த பழைய ஃபைலையும் புதியதையும் அழித்துவிட்டேன். பைண்டிங்காரர் அவற்றை ஆய்வேட்டில் சேர்த்துத் தைத்து, கறுப்பு ரெக்சின் போட்டு, தங்க எழுத்து பதித்துக் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை நான் கடையைத் திறக்குமுன் மாடிப்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்து கறுப்புப் புத்தகம்.

“சார், அந்த எடம் எங்கீங்க?” என்றார்.

“எந்த எடமுங்க?”

ஒன்றைப் பிரித்து வரைபடத்தைக் காட்டினார். நான் பெருமையாக, “அது அழுக்குங்க. எடுத்துட்டேன்,” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின ராத்திரி புத்தகத்தை ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார். தான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தங்க எழுத்தைத் தடவிப் பார்த்ததோடு சரி. அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வரைபடம் தெரியும். பாதிப் புள்ளிகளைச் சொன்னவரே அவர்தான்.

“எங்கய்யன் ஆத்தப் புடிச்சு வெரல வெச்சுட்டே வந்தாருங்க. நம்மூரு இங்கதான கண்ணு வரோணும், இங்க கறுப்பா இருக்குதே, நம்மூருல கழுகு எறங்குதுன்னு போட்டுப்போட்டியான்னு கேட்டாருங்க. அப்பத்தான் நானே பாத்தேன்.”

“இல்லீங்களா? அங்க எறங்காதுங்களா?” என்றேன்.

“இருவது வருசமா எறங்கறதில்லீங்க.”

அப்புறம்தான் அந்த வெள்ளை இடத்தின் கதை எனக்குத் தெரிந்தது. ஊருக்குள் மாடு செத்தால் காலனிக்கு ஆள் வரும். காலனிக்காரர்கள் வந்து, காலைக் கட்டி, ஊருக்கு வெளியே பாறைமேட்டுக்கு இழுத்துப்போட்டுத் தோலுரிக்க வேண்டும். மிச்சத்துக்குக் கழுகு வரும். ஒரு நாள் இவர் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார். இழுக்க ஆள் போதவில்லை என்று, பரீட்சைக்கு நடுவில் எழுப்பிக் கூட்டிவந்து கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவருடைய அப்பா அந்தக் கயிற்றைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டார்.

“இனிமே மாடு தூக்க மாட்டமுங்கன்னு சொல்லிப்போட்டாரு. காலனியில அத்தன பேரும் மாட்டமுன்னுட்டாங்க. அப்பறம் ரெண்டு வருசம் யாரும் தோட்டத்துக்குக் கூப்புடல. கெணத்துத் தண்ணி இல்ல, கடையில அரிசி இல்ல. எங்கம்மா அந்த ரெண்டு வருசத்துலதான் போச்சுங்க. ஊருக்காரங்க வெளியூர்ல இருந்து ஆள் வெச்சுக் குழி தோண்டி மாட்டப் பொதைக்க ஆரம்பிச்சாங்க. பொணம் வெளிய கெடந்தாத்தானுங்க கழுகு வரும்? வர்றதில்ல. அதத்தானுங்க நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கறன். அந்தப் பறவையோட எல்லைய மலையும் ஆறும் மட்டும் தீர்மானிக்கறதில்ல, யாரு மாடு இழுக்கறாங்கங்கறதும் தீர்மானிக்குதுன்னு. கைடு சார்கூட, கழுகுக்கு ஊர் எல்லை தெரியுமாப்பான்னு சிரிச்சாரு. இருவது தடவ போய்ப் பாத்துட்டுத்தானுங்க அந்த எடத்த வெள்ளையா உட்டேன்.”

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் மாமன் வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ சொன்னார்கள்: “இப்பல்லாம் நம்ம பக்கம் மாட்டையும் அடக்கம் பண்ற காலமாப் போச்சு மாப்ள.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், இன்னொரு கரண்டி ரசம் கேட்டிருப்பேன். ஆக, எனக்கு அந்த ஊரில் நடந்தது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்ததை வைத்துக்கொள்ள என்னிடம் இடம் இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஃபைல் போய்விட்டது. டிரேசிங் தாள் இருந்தது. முதலிலிருந்து செய்தால் ஒரு நாள் முழுக்க ஆகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். புதிதாக ஐந்து பிரதி எடுத்து, பழையதன்மேல் ஒட்டியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் பேசியிருந்த ரோஸ் நிற வண்டி என் பொறுப்பு. நான் போகாவிட்டால் கல்யாணம் நின்றுவிடாது, வண்டிகூட நின்றுவிடாது.

“ஒயிட்னர் போட்டுட்டாப் போதுங்க,” என்றேன். “கண்டே புடிக்க முடியாது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆனால் கொங்குநாட்டில் முப்பது வயது வரை காலனியில் வளர்ந்தவர், ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனிடம், நீ கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்லமாட்டார்.

“சரிங்க,” என்றார்.

என் மேசையிலேயே, ஒயிட்னர் பாட்டிலின் குட்டித் தூரிகையால், ஐந்து புத்தகத்திலும் தன் ஊரை அவரே வெள்ளையடித்தார். அது காய்ந்ததும் அதன் அடியில் போய்விட்ட ரோட்டுக் கோட்டையும் ஊர்ப்பெயரையும் மைப் பேனாவால் எழுதினார். ஐந்தாவது பிரதியை முடித்ததும் கேட்டார்.

“சார், ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா நல்லதுங்க. உங்க கையால தப்பு நடந்துருச்சுன்னு. வைவாவுல கேட்டா காட்டலாமுங்க.”

நியாயமான கோரிக்கை. லெட்டர்பேடை எடுத்து டைப் செய்தேன். ‘வரைபடத்தில் குறிப்பிட்ட இடத்தை நான் தவறாக நிரப்பிவிட்டேன்’ என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்தது. எழுதவும் செய்தேன். எழுதியபின் அதைப் படித்துப் பார்த்தேன். இந்தக் கடிதம் போய் உட்காரப்போவது எனக்கு வேலை கொடுக்கிற பேராசிரியர்களின் மேசையில். அடுத்த வருடம் அவர்கள் மாணவர்களை எங்கே அனுப்புவார்கள்? அந்த வரியை அழித்துவிட்டு, ‘கம்ப்யூட்டரில் ஏற்பட்ட எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அழிப்பது எனக்குக் கைவந்த கலையாக இருந்தது.

வாங்கிப் படித்தவர், “கம்ப்யூட்டர் தப்புன்னு போட்டிருக்குதுங்களே,” என்றார்.

“இதெல்லாம் இப்படித்தானுங்க எழுதோணும். ஆபீஸ் பாஷை.”

“அப்படீங்களா,” என்று மடித்து வைத்துக்கொண்டார். “வாரேனுங்க.”

மறுநாள் மேட்டுப்பாளையத்தில் ரோஸ் நிற வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

வைகாசிக் கடைசியில் நடந்த வாய்மொழித் தேர்வைப் பற்றி அவரே வந்து சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் தவறிப்போனதைச் சொல்வது போலச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக வரைபடத்துக்குப் போய், பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டியிருக்கிறார். ஒயிட்னருக்கு அடியில் கறுப்பு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

“கழுகு இருந்திருக்கு, நீ உன் தியரிக்காக அழிச்சுட்டியான்னு கேட்டாருங்க. இல்லீங்க சார், மொதல்ல வெள்ளைதானுங்க, நடுவுல கறுப்பாயிருச்சுன்னு சொன்னேன். அப்ப கூட இருந்தவங்க சிரிச்சுப்போட்டாங்க. அப்பறம் உங்க லெட்டரக் குடுத்தனுங்க.”

“என்ன சொன்னாருங்க?”

“கம்ப்யூட்டரே தானா ஒரு எடத்துல கழுகப் போடுமுன்னா, மத்த எடத்துலயெல்லாம் போட்டது யாருன்னு கேட்டாருங்க.”

அது மிகச் சரியான கேள்வி. தேர்வாளராக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதைச் செய்த ஆள் நான் என்று ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு புள்ளி மட்டும் தப்பாகியிருக்கும். கம்ப்யூட்டர் என்று எழுதியதால் சைக்கிளில் அலைந்து குறித்த எல்லாப் புள்ளிகளும் சந்தேகத்துக்குள் போய்விட்டன. கைடு வாயைத் திறக்கவில்லையாம். வரைபடத்தை மறுபடி தயாரித்து, ஊர்களை மறுபடி சரிபார்த்து, ஆறு மாதம் கழித்துச் சமர்ப்பிக்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

“மறுபடி நான் போட்டுக் குடுக்கறனுங்க. காசே வேண்டாம்,” என்றேன்.

“பரவால்லீங்க. ஈரோட்டுல ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டேன்.”

ஆனியில் இண்டர்வியூ நடந்தது. அவருக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த தை மாதம் எம்.ஃபில். கிடைத்தது, அதற்குப் பிறகு அந்தத் துறையில் வேறு இடம் காலியாகவில்லை.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அடுத்த சித்திரையில் அவர் மறுபடி என் கடைக்கு வந்தார். கையில் ஒரு டிரேசிங் தாள். நீலகிரி அடிவாரத்தில் ஏதோ பட்டாம்பூச்சி எங்கெங்கே இருக்கிறது என்கிற வரைபடம். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையில் சேர்ந்த விரிவுரையாளருடையது.

“சார் குடுத்தனுப்பிச்சாருங்க. நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வான்னு. அவருக்கு உங்க கடை பேர யாரோ சொல்லியிருக்காங்க.”

பேராசிரியர்கள் மத்தியில் என் பெயர் கெடவில்லை. கம்ப்யூட்டர்தானே தப்பு செய்தது.

உட்காரச் சொன்னேன். வேண்டாமுங்க, சீக்கிரம் போகோணும், மத்தியானம் பிராக்டிகல் இருக்குது, எல்லாம் எடுத்து வைக்கோணும் என்றார். நான் தாளை ஸ்கேனரில் வைப்பது போல் குனிந்துகொண்டு, ஒரு வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அந்த லெட்டர நான் சரியா எழுதலீங்க. என் தப்புன்னு எழுதியிருக்கோணும். இப்ப வேணா எழுதித் தரட்டுங்களா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், என்னைக் குத்துவதற்காக இல்லை.

“யாருக்குங்க?” என்றார்.

பிரிண்டர் மட்டும் யாருடைய பத்திரிகையையோ துப்பிக்கொண்டிருந்தது.

“இது எப்பங்க கெடைக்கும்?” என்று டிரேசிங் தாளைக் காட்டிக் கேட்டார்.

வியாழக்கிழமை என்றேன்.